வைரஸ் படைகள் ஒட்டாதபோது: அறிகுறியிலிருந்து பிழைக்கு

தாவர வைரஸ் துகள்களைப் படை படையாக அடுக்கும் வேலை தாளில் எழுதினால் நாலு வரிதான். மறையேற்றமுள்ள தகட்டை நேரேற்றப் பல்பகுதியக் (பொலிமர்) கரைசலில் தோய்க்க வேண்டும், கழுவ வேண்டும், மறையேற்றமுள்ள வைரஸில் தோய்க்க வேண்டும், திரும்பவும் கழுவ வேண்டும். எத்தனை படை வேண்டுமோ அத்தனை தடவை இதையே செய்யலாம். 1994 இல் லுவோவ், டெக்கர், மோவால்ட் ஆகியோரின் குழு 'கார்னேஷன் மொட்டில்' (carnation mottle) என்ற பெயருள்ள வைரஸை இப்படித்தான் அடுக்கிக் காட்டியது. இன்னொரு வழியில் ஏற்றத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. வைரஸின் மேலே பயோட்டின் என்ற சின்ன விற்றமின் மூலக்கூறைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு வைரஸ் படைக்கும் நடுவில், பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதமான ஸ்ட்ரெப்டாவிடினின் படை ஒன்றைப் போடுவார்கள். இங்கிலாந்தின் நொரிச்சில் உள்ள ஜோன் இன்ஸ் மையத்தில் ஸ்டைன்மெட்ஸ், எவன்ஸ் முதலானோர் கௌபி மொசைக் வைரஸைக் கொண்டு இதைச் செய்து 2006 இலும் 2008 இலும் வெளியிட்டார்கள்.

இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ ஒரு மாணவர் அந்தக் கட்டுரைகளைப் பார்த்து அதே அளவுகளில் செய்தாலும் அதே படை வரும் என்று சொல்ல முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏசி நின்றால் ஆய்வுகூடம் கொதிக்கும். மாரியில் திறந்து வைத்த எந்தத் தூளும் ஈரம் இழுக்கும். கரையோரக் கிணற்றுநீரில் உப்பு. நடுவில் கரன்ட் போகும். இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட இடத்தில் இறுதியாண்டு ஆய்வோ முதுமாணி வேலையோ செய்பவர்களுக்கு. உங்களுக்குத் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதலாவது பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். படையில் தெரிகிற கோளாறுகளில் பெரும்பாலானவை துகள் கரைசலிலோ, தண்ணீரிலோ, பயோட்டின் கட்டிய நாளிலோ பிறந்தவை என்பது என் கருத்து. படையில் வந்துதான் அவை முகம் காட்டுகின்றன.

கையில் இருக்க வேண்டிய எண்கள் சில. கௌபி மொசைக் வைரஸ் ஏறத்தாழ 28 நானோமீற்றர் விட்டமுள்ள இருபதுமுக உருண்டை. பெரிய புரதம் 60, சிறிய புரதம் 60 சேர்ந்தது. வெளிப்பரப்பில் லைசீன் என்ற அமினோ அமிலம் 300 இருக்கின்றது, பயோட்டின் போய் உட்காரும் இடம் அவைதான். புகையிலை மொசைக் வைரஸ் 300 நானோமீற்றர் நீளமும் 18 நானோமீற்றர் தடிப்பும் உள்ள கோல். 2130 ஒரேமாதிரிப் புரதங்கள் சுருளாக அடுக்கி, நடுவே 4 நானோமீற்றர் துளை. பிஎச் 7 இல் இரண்டும் மறையேற்றம் கொண்டவை.

"260க்கும் 280க்கும் உள்ள விகிதம் சரிவரவில்லை"

எது சரி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முழுமையான கௌபி மொசைக் வைரஸுக்கு 260 நானோமீற்றர் உறிஞ்சலை 280 நானோமீற்றர் உறிஞ்சலால் வகுத்தால் 1.8 அளவில் வரும். புகையிலை மொசைக் வைரஸுக்கு 1.2 தான் வரும். 260 இல் அதிகம் உறிஞ்சுவது ஆர்.என்.ஏ., பின்னதில் அது எடையில் 5 சதவீதம் மட்டுமே, ஆகவே 1.2 ஐப் பார்த்துவிட்டு "மாதிரி அழுக்கு" என்று மூன்றாம் தடவை சுத்திகரிக்கத் தேவையில்லை. செறிவு கணக்கிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலம்), மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் கௌபி வைரஸ் 260 இல் 8.1 காட்டும், புகையிலை வைரஸ் 3.0 தான் காட்டும். எண்ணை மாற்றிப் போட்டால் செறிவு ஏறக்குறைய மூன்று மடங்கு பிழைக்கும், அதற்குப் பிறகு படை பற்றிச் செய்யும் எந்தக் கணக்கும் உதவாது.

கௌபி வைரஸில் விகிதம் 1.8 ஐ விட நன்றாகக் குறைந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். இலைப் புரதம் கூட வந்திருக்கலாம். இலையின் கரையும் புரதத்தில் பெரும்பங்கு ருபிஸ்கோ, அதை முழுதாக விரட்டுவது லேசான வேலை இல்லை. அல்லது வெற்றுத் துகள்கள் அதிகமாக இருக்கலாம். இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. இரண்டும் தனித்தனித் துகள்களில் போகின்றன. மூன்றாவது வகை வெறும் கூடு. சுழற்றும்போது நிற்கும் இடத்தை வைத்து இந்தக் கூட்டை மேற்கூறு என்றும் மற்ற இரண்டையும் நடுக்கூறு, கீழ்க்கூறு என்றும் சொல்வார்கள். நடுக்கூறில் எடையின் 24 சதவீதமும் கீழ்க்கூறில் 34 சதவீதமும் ஆர்.என்.ஏ. என்பதால் கீழே போகப்போகச் செறிவு கூடும் சுக்குரோஸ் படிமுறைக் கரைசலில் சுழற்றினால் மூன்றும் மூன்று பட்டையாகப் பிரியும். 10 இலிருந்து 40 சதவீதம் வரையான படிமுறை போதும். பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் பட்டைகளைப் பார்த்து வேண்டியதை மட்டும் உறிஞ்சி எடுங்கள். வெற்றுத் துகளையே வேண்டி வாங்கியவர்களுக்கு விகிதம் 1 ஐ விடக் குறைவாகத்தான் வரும், அதில் பிழை இல்லை.

விகிதம் கூடினால் வெளியே மிதக்கும் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அதாவது சில துகள்கள் உடைந்துவிட்டன. இப்படிப்பட்ட கரைசலைப் படைக்கு எடுக்காதீர்கள். தளர்ந்த ஆர்.என்.ஏ. வைரஸை விட வேகமாகப் போய் நேரேற்றப் பரப்பைப் பிடித்துக்கொள்ளும், வைரஸுக்கு இடம் மிஞ்சாது.

விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குவெட்டை எடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். 320 நானோமீற்றரையும் பாருங்கள். அங்கே புரதமும் உறிஞ்சாது, ஆர்.என்.ஏ.யும் உறிஞ்சாது. உறிஞ்சல் காட்டினால் அது ஒளிச்சிதறல், துகள்கள் திரண்டிருக்கின்றன என்று பொருள். நீளமான கோல் என்பதால் புகையிலை வைரஸ் இயல்பாகவே கொஞ்சம் சிதறும், உருண்டை வைரஸ் அப்படிச் சிதறக் கூடாது. 10,000 ஜி இல் பத்து நிமிடம் சுழற்றி மேல்நீரைத் திரும்ப அளவிடுங்கள். 260 அளவு பெரிதாக விழுந்தால் உங்கள் வைரஸில் பெரும்பங்கு கட்டியாகத்தான் இருந்திருக்கிறது. சுழற்றி எடுத்துவிட்டேன், சரி, என்று அடுத்த வேலைக்குப் போகாமல் காரணத்தைத் தேடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கும் திரளும். அல்ட்ரா சென்ட்ரிபியூஜில் இறங்கிய கட்டியைப் பிப்பெற்றால் குத்திக் கலக்கியதுதான் பெரும்பாலும் காரணம். கண்ணாடி போன்ற அந்தக் கட்டியின் மேல் பஃபரை (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) விட்டு, 4 பாகையில் மெதுவாக ஆடும் தட்டில் இரவு முழுதும் வையுங்கள். தானாகவே கரையும்.

கரைசல் மண்ணிறமாக இருந்தால் இலையின் பீனோல்கள் ஒட்சியேறிவிட்டன. இந்த வெப்பத்தில் அரைக்கிற ஐந்து நிமிடத்திலேயே அது நடந்துவிடும். உரல், பஃபர், இலை மூன்றையும் முன்கூட்டியே குளிரவைத்து, பஃபரில் கொஞ்சம் மெர்கப்டோஎதனோல் சேர்த்து அரையுங்கள். நிறம் வந்த பிறகு போக்குவது கடினம்.

ஜெல்லில் 42 கிலோ டால்டனில் ஒரு பட்டையும், 24 ஐ ஒட்டி இரண்டு பட்டைகளும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சிறிய புரதத்தின் வால்நுனியில் 24 அமினோ அமிலங்கள் வெட்டுப்பட்ட வடிவமும் வெட்டுப்படாத வடிவமும்தான் அந்த இரண்டு.

"நேற்றுத் தெளிவாக இருந்தது, இன்று கலங்கியிருக்கிறது"

உறைந்து உருகியிருக்கும். உறைப்பெட்டியில் வைத்த கரைசல் ஒவ்வொரு மின்வெட்டிலும் உருகி, கரன்ட் வந்ததும் மெதுவாகத் திரும்ப உறைகிறது. மெதுவாக உறைவதுதான் கெடுதி. சோடியம் பொஸ்பேற்று பஃபர் என்றால் இன்னும் மோசம். உறையும்போது இருசோடியம் உப்பு முதலில் படிகமாகி வெளியேறுவதால் மிஞ்சிய திரவத்தின் பிஎச் 7 இலிருந்து 4 வரை கூட இறங்கிவிடும். அதுவோ இந்த வைரஸ்கள் ஏற்றத்தை இழக்கும் வட்டாரம். ஏற்றம் இல்லாத துகள்களுக்கு ஒன்றையொன்று தள்ளக் காரணம் இல்லை, திரண்டுவிடும்.

பொட்டாசியம் பொஸ்பேற்றுக்கு மாறுங்கள், அதில் இந்த இறக்கம் மிகக் குறைவு. அதைவிடச் சுலபமான தீர்வு உறைய வைக்காமலே இருப்பது. சுத்தமான கௌபி வைரஸ் 4 பாகையில் நீண்ட நாள் நிற்கும், 60 பாகை வரை தாங்கும் துகள் அது. சில மணி நேரம் கரன்ட் இல்லாமல் 30 பாகைக்கு ஏறினாலும் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது பூஞ்சைக்கும் பக்டீரியாவுக்கும்தான், அதற்குக் கொஞ்சம் சோடியம் ஏசைட் போதும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், உறைப்பெட்டியை நம்பி மாதிரி வைப்பதை விட உறையாமல் வைக்கத் தெரிந்திருப்பது நல்லது.

"முதற்படையே தெரியவில்லை"

மாணவர்களை அதிகம் அலைக்கழிக்கும் அறிகுறி இதுதான். முதலில், படை உண்மையிலேயே இல்லையா, அல்லது உங்கள் கருவிக்குத் தெரியவில்லையா என்று பிரியுங்கள்.

சாதாரண நுணுக்குக்காட்டித் தகட்டில் படை போட்டு 260 இல் அளக்கிறீர்களா? அந்தக் கண்ணாடி ஏறக்குறைய 300 நானோமீற்றருக்குக் கீழே ஒளியையே விடாது. குவார்ட்ஸ் தகடு வேண்டும். குவார்ட்ஸ் இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் வந்து விழுந்து அசையாமல் ஒட்டும் உருண்டைகள் பரப்பில் ஏறத்தாழ 55 சதவீதத்தை மட்டுமே மூடும். மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்தன்று கோயிலடியில் சைக்கிள் விட்டிருப்பது போலத்தான்: இடைவெளி நிறைய இருக்கும், ஆனால் இன்னொரு சைக்கிளை நுழைக்க இடம் இருக்காது. 28 நானோமீற்றர் துகள், 56 இலட்சம் டால்டன் எடை என்று வைத்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 0.8 மைக்ரோகிராம் வரும். 8.1 ஆல் பெருக்கினால் உறிஞ்சல் 0.007. தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.013. உங்கள் கருவியின் அடிக்கோடு 0.005 ஆடுகிறதென்றால் ஒரு படையை அதில் காண நினைப்பது வீண். நாலைந்து வைரஸ் படைகள் போட்ட பிறகு அளந்து, படை எண்ணுக்கு எதிராக வரைந்து, நேர்கோடு வருகிறதா என்று பாருங்கள். தகட்டை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் வைக்க ஒரு சிறிய தாங்கி செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

குவார்ட்ஸ் படிகத் தராசு கிடைக்கிறவர்களுக்கு வேலை சுலபம். அதிரும் படிகத்தின் மேல் ஒட்டும் எடையை அது அதிர்வெண் இறக்கமாகக் காட்டும். 5 மெகாஹேர்ட்ஸ் படிகத்தில் ஒரு ஹேர்ட்ஸ் இறக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 17.7 நானோகிராம். மேலே சொன்ன 0.8 மைக்ரோகிராமுக்கு 45 ஹேர்ட்ஸ் அளவில் வரும். துகள்களுக்கு இடையே சிக்கிய தண்ணீரையும் சேர்த்தே தராசு நிறுக்கும் என்பதால் திரவத்தில் இதைவிடக் கூடத்தான் காட்டும். 10 ஹேர்ட்ஸ் மட்டும் வந்தால் படை அரைகுறை.

கருவி சரி, படைதான் இல்லை என்றால் நேரத்தைச் சந்தேகப்படுங்கள். ஆடாத கரைசலில் துகள் பரவலால்தான் தகட்டை அடைய வேண்டும். மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் கரைசலில் அந்த 0.8 மைக்ரோகிராம் வந்து சேர ஏறத்தாழ ஐந்து நிமிடம் போதும். வைரஸை மிச்சம் பிடிக்கலாம் என்று பத்து மடங்கு நீர்த்தால், தேவைப்படும் நேரம் பத்து மடங்கு கூடாது, நூறு மடங்கு கூடும், ஐந்து நிமிடம் எட்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அரை மணி தோய்த்தால் கால்வாசிதான் ஒட்டியிருக்கும். வைரஸ் குறைவாக இருந்தால் நீர்க்காதீர்கள். தகட்டைச் சிறிதாக வெட்டி, ஒரு துளியை மேலே விட்டு, ஈரப்பெட்டியில் மூடி வையுங்கள். திறந்து வைத்தால் துளி ஓரத்திலிருந்து காய்ந்து வளையமாகப் படியும், பிறகு அதையே படை என்று நினைப்பீர்கள்.

அடுத்து தண்ணீர். கழுவுவதற்குக் கிணற்றுநீரோ குழாய்நீரோ வேண்டவே வேண்டாம். கல்சியமும் மக்னீசியமும் இரட்டை ஏற்றம் உள்ளவை, வைரஸின் மறையேற்றத்தையும் கண்ணாடியின் மறையேற்றத்தையும் மூடிவிடும். பட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை நம்பி எடுக்க வேண்டாம், கடத்துமானியில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 18 மெகா ஓம் நீர் கிடைக்காத இடத்தில் இருமுறை வடித்த நீர் பெரும்பாலும் போதும்.

கடைசியாகத் தகட்டின் சுத்தம். தண்ணீர் ஒரே மென்படலமாக விரிய வேண்டும், துளி துளியாகக் கூடினால் எண்ணெய் இருக்கிறது. கந்தக அமிலமும் ஐதரசன் பெரொட்சைட்டும் கலந்த பிரானா கரைசலைக் கட்டுரைகளில் காண்பீர்கள். புகைப்பெட்டி சரியாக இல்லாத ஆய்வுகூடத்தில் அதைத் தொடாதீர்கள், சேதனப் பொருள் பட்டால் வெடிக்கக் கூடியது. காரமான டிடர்ஜெண்ட், பிறகு நிறைய நீர், பிறகு புற ஊதா ஓசோன் பெட்டி இருந்தால் அது. இல்லாவிட்டாலும் முதற்பூச்சாகப் பொலிஎதிலீன் இமின் என்ற நேரேற்றப் பல்பகுதியத்தைப் போட்டால் பெரும்பாலான கண்ணாடி வழிக்கு வரும்.

"தோய்க்கும் பாத்திரத்தில் வெள்ளை நூல் மிதக்கிறது"

பல்பகுதியமும் வைரஸும் தகட்டில் சந்திப்பதற்குப் பதிலாகக் கரைசலிலேயே சந்தித்துவிட்டன. கழுவல் போதவில்லை. ஒரே கழுவல் பாத்திரத்தை இரண்டுக்கும் பயன்படுத்தினால் கட்டாயம் நடக்கும். நேரேற்றப் பக்கத்துக்கு மூன்று பாத்திரம், மறையேற்றப் பக்கத்துக்கு மூன்று பாத்திரம் தனித்தனியாக வையுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு காரணம் உண்டு. நேரேற்றப் பல்பகுதியமாக வழக்கமாக எடுக்கும் பொலிஅலைல்அமீனும் பொஸ்பேற்றும் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். வைரஸே இல்லாமல், அந்தப் பல்பகுதியத்தைப் பொஸ்பேற்று பஃபரில் கலந்தாலே கலங்கும். வைரஸ் வழக்கமாக 0.1 மோலர் பொஸ்பேற்றில்தான் வருகிறது. எனவே படைக்கு முன் அதை 10 மில்லிமோலர் ஹெப்பிஸ் பஃபருக்கு டயாலிசிஸ் செய்து (மென்சவ்வுப் பையில் வைத்து வெளிநீரை மாற்றி) மாற்றிக்கொள்ளுங்கள். நிச்சயப்படுத்த ஒரு சோதனைக்குழாயில் பல்பகுதியத்தையும் பஃபரையும் மட்டும் கலந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

"பயோட்டின் வழியில் இரண்டாம் படையோடு நின்றுவிட்டது"

முதல் ஸ்ட்ரெப்டாவிடின் பிடிக்கிறது, முதல் வைரஸ் பிடிக்கிறது, அப்புறம் எதுவும் ஏறவில்லை. இதற்கு முதற் குற்றவாளி கட்டப்படாத பயோட்டின். பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் பிடித்தால் விடுவதில்லை, பிரிகை மாறிலி 10 இன் மறை 14, 15 ஆம் அடுக்கு மோலர் அளவில். ஒரு ஸ்ட்ரெப்டாவிடினில் நாலு பிடிகள், இருபக்கமும் இரண்டிரண்டு. கீழே உள்ள இரண்டு பரப்பைப் பிடிக்க, மேலே உள்ள இரண்டும் அடுத்த வைரஸுக்காகக் காத்திருக்கின்றன. கரைசலில் அலையும் சின்னப் பயோட்டின் வைரஸை விட எத்தனையோ மடங்கு வேகமாகப் பரவி அந்த இரண்டையும் அடைத்துவிட்டால் கதை முடிந்தது.

பயோட்டின் கட்டிய வைரஸை ஒரு தடவை டயாலிசிஸ் செய்தது போதுமா என்று ஊகிக்க வேண்டாம். ஹாபா சாயத்தை எடுங்கள். ஹாபாவும், ஸ்ட்ரெப்டாவிடினைப் போலவே பயோட்டினைப் பிடிக்கும் புரதமான அவிடினும் சேர்ந்தால் 500 நானோமீற்றரில் செம்மஞ்சள் நிறம், பயோட்டின் வந்தால் ஹாபாவைத் தள்ளிவிடும், நிறம் விழும். வழக்கமாக வைரஸில் எத்தனை பயோட்டின் ஏறியது என்று அளக்கத்தான் இதைச் செய்வார்கள். டயாலிசிஸ் பையின் வெளிநீரையும் இதே சாயத்தில் விட்டுப் பாருங்கள். வெளிநீரே நிறத்தைக் குறைத்தால் இன்னும் நீர் மாற்ற வேண்டும்.

வெளிநீர் சுத்தம், ஆனால் வைரஸும் நிறத்தைக் குறைக்கவில்லை என்றால் பயோட்டின் கட்டப்படவே இல்லை. பஃபரில் டிரிஸ் இருந்ததா? கிளைசின்? அமோனியம் சல்பேற்று மிச்சம்? இவற்றில் உள்ள அமீன்கள் வைரஸின் லைசீனுக்கு முன்னால், பயோட்டினை லைசீனில் கட்டும் என்.எச்.எஸ். எஸ்தரைச் சாப்பிட்டுவிடும். டிரிஸ் இல்லை என்றால் எஸ்தரே செத்துப்போயிருக்கும். அது நீரில் தானாகப் பிரியும் பொருள்: பிஎச் 7 இல், 0 பாகையில் அதன் அரைவாழ்வு 4 முதல் 5 மணி, பிஎச் 8.6 இல், 4 பாகையில் வெறும் 10 நிமிடம். நமது அறை வெப்பத்தில் இதைவிட வேகம். குளிரில் வைத்த தூள்ப் போத்தலை எடுத்தவுடன் திறந்தால் மட்டக்களப்புக் காற்றின் ஈரம் அப்படியே உள்ளே படியும், அன்றோடு அந்தப் போத்தல் பாழ். போத்தல் அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வைத்து, வேண்டிய அளவை மட்டும் நீரில்லாத டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்து உடனே சேருங்கள். கரைத்ததை "நாளைக்கு" என்று எடுத்து வைக்காதீர்கள். வைரஸ் கரைசலில் டி.எம்.எஸ்.ஓ. பத்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்மாறான அறிகுறியும் உண்டு: படை மிக நன்றாக, சந்தேகம் வரும் அளவுக்கு நன்றாக ஏறுகிறது. விலை குறைவு என்று ஸ்ட்ரெப்டாவிடினுக்குப் பதில் அவிடின் வாங்கினீர்களா? அவிடினின் சமமின்புள்ளி, அதாவது மொத்த ஏற்றம் இல்லாமல் போகும் பிஎச், 10 க்கு மேலே. நடுநிலை பஃபரில் அது கடும் நேரேற்றத்தோடு இருக்கும், பயோட்டின் இல்லாத வைரஸையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே பயோட்டின் கட்டாத வைரஸை வைத்து ஒரு கட்டுப்பாட்டுத் தகடு செய்யாமல் எந்த முடிவையும் ஆய்வறிக்கையில் எழுதாதீர்கள். அதிலும் படை ஏறினால் நீங்கள் பார்த்தது பயோட்டின் பிணைப்பை அல்ல.

"உப்புக் கரைசலில் கழுவியதும் கழன்றுவிட்டது"

ஏற்றத்தால் ஒட்டிய படைக்கு இது இயல்பு. ஓர் ஏற்றத்தின் செல்வாக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்பது உப்பைப் பொறுத்தது: 1 மில்லிமோலர் சோடியம் குளோரைட்டில் ஏறக்குறைய 10 நானோமீற்றர், 100 மில்லிமோலரில் 1 நானோமீற்றர்தான். தோய்த்த அதே உப்புச் செறிவில் கழுவுங்கள். உடல்திரவ உப்பில் நிலைக்க வேண்டிய படை என்றால் இந்த வழியோடு மல்லுக்கட்டாமல் பயோட்டின் வழிக்குப் போங்கள்.

"தராசில் ஒவ்வோர் ஓவர்டோனும் ஒவ்வோர் எடை சொல்கிறது"

படிகம் அதிரும் உயர் அதிர்வெண்கள்தான் ஓவர்டோன்கள். அவை ஒத்துப்போகாவிட்டால் படை மென்மையானது, அவ்வளவுதான். விரயம் (அதிர்வின் சக்தி எவ்வளவு இழக்கப்படுகிறது) என்று கருவி காட்டும் இரண்டாவது எண் அதிர்வெண் இறக்கத்தோடு சேர்ந்து பெரிதாக ஏறினால், இறக்கத்தை எடையாக மாற்றும் சவர்பிரே சமன்பாடு பொருந்தாது. விறைத்த படைக்கு எழுதப்பட்ட சமன்பாடு அது. எடையைக் கிராமில் சொல்வதை விட்டுவிட்டு விரயத்தையும் அதிர்வெண்ணையும் ஒன்றுக்கொன்று எதிராக வரையுங்கள். பயோட்டினின் இடைச்சங்கிலி நீளமும் அடர்த்தியும் மாறும்போது படையின் விறைப்பு மாறுவதை 2008 இல் நொரிச் குழு இந்தக் கருவியில்தான் பார்த்தது. அந்த மாற்றமே உங்களுக்கு ஒரு முடிவாக இருக்கலாம்.

கோடு திடீரென்று குதித்தால் குமிழி. பிரிட்ஜிலிருந்து எடுத்த பஃபர் சூடான அறையில் காற்றை வெளிவிடும், முன்கூட்டியே அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து காற்று நீக்கிவிடுங்கள். கோடு மெதுவாக மேலும் கீழும் அலைந்தால் ஏசி. ஒரு பாகை மாறினாலே பல ஹேர்ட்ஸ் நகரும்.

"கோல் வைரஸ் எல்லாம் மேலேயே கிடக்கிறது"

புகையிலை வைரஸை நடுவில் வைத்து மேலே பல பல்பகுதியப் படைகள் போட்டிருப்பீர்கள். ஏ.எஃப்.எம். (அணுவிசை நுணுக்குக்காட்டி) படத்தில் பார்த்தால் கோல்கள் பரப்பில் வரிசையாகக் கிடக்கும். புதைத்த வைரஸ் எப்படி மேலே வந்தது என்று குழம்பி, தகடு மாறிவிட்டதோ என்று தேடியவர்கள் இருக்கிறார்கள். தகடு மாறவில்லை. உருண்டையும் கோலும் ஒரேமாதிரி நடப்பதில்லை. அதே நொரிச் குழு 2008 இல் வெளியிட்ட இன்னொரு வேலையில், கௌபி வைரஸ் பல்பகுதியப் படைகளுக்குள் புதைந்து நின்றது, புகையிலை வைரஸ் உள்ளே நிற்காமல் மேற்பரப்புக்குத் தள்ளப்பட்டு ஒழுங்காக அடுக்கிக்கொண்டது. அதற்கு முன்பே 2006 இல் அமெரிக்காவில் பெல்ச்சரின் ஆய்வுக் குழு எம்13 என்ற பக்டீரியா வைரஸின் நீண்ட இழைகளும் இப்படி மேலே மிதந்து வரிசையாவதைக் காட்டியிருந்தது. பல்பகுதியச் சங்கிலிகள் இரண்டும் தமக்குள் பின்னிக்கொள்ளும்போது விறைத்த நீண்ட கோலுக்கு உள்ளே இடம் இல்லை.

ஆகவே இதைத் திருத்த முயலாதீர்கள், பயன்படுத்துங்கள். மேற்பரப்பில் வரிசையான கோல்கள் வேண்டியவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் ஒழுங்கு. கோல்கள் உள்ளே நிற்கத்தான் வேண்டும் என்றால் ஏற்றத்தை விட்டுவிட்டுப் பயோட்டினாலோ சகவலுப் பிணைப்பாலோ கட்டிப்போடுங்கள்.

"இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தில் நடுவில் கறுப்புப் பொட்டு"

படத்துக்காக இடும் சாயமான யுரேனைல் அசற்றேற்று உள்ளே புகுந்திருக்கிறது, அதாவது கூடு வெறுமை. பெரும்பாலான துகள்கள் அப்படி இருந்தால் முதலாவது பகுதிக்குத் திரும்புங்கள், 260/280 விகிதம் ஏற்கெனவே சொல்லியிருக்கும். படம் எடுக்க மாதிரியை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் கரைசலாக அனுப்பாமல், கிரிட்டில் (மாதிரி தாங்கும் சிறு உலோக வலை) ஏற்றிச் சாயமிட்டு உலர்த்தி அனுப்புவது நல்லது. பஸ்ஸில் குலுங்கி, வெயிலில் நின்று போகும் துளிக் கரைசல் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

"தொடாத சட்டியிலும் தேமல் வந்திருக்கிறது"

தேமல் என்றால் இலையில் தெரியும் வைரஸ் நோய்த் திட்டு. ஆய்வு தோற்றாலும் பரவாயில்லை, இது மட்டும் நடக்கக் கூடாது. படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் கௌபி விதைக்கிற ஊர்கள் இருக்கின்றன. கௌபி மொசைக் வைரஸை இலை தின்னும் வண்டுகள் பரப்பும். ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில் வலையில்லாத கொட்டகையில் தொற்றிய கௌபிச் செடி வளர்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன். வெளிநாட்டிலிருந்து தாவர வைரஸ் கொண்டுவருவது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விடயம், அனுமதி இல்லாமல் தபாலில் வரவழைக்கக் கூடாது. படை அடுக்குவதுதான் நோக்கம் என்றால் தொற்றும் வைரஸ் தேவையே இல்லை. 2009 இலிருந்து கௌபி வைரஸின் வெற்றுக் கூட்டைப் பென்தாமியானா புகையிலைச் செடியில் தனியே உற்பத்தி செய்யும் முறை இருக்கிறது. ஆர்.என்.ஏ. இல்லாததால் அது எந்தச் செடியையும் தொற்றாது, வெளிப்பரப்பில் லைசீன்கள் அப்படியே இருக்கும்.

புகையிலை வைரஸ் வளர்க்கிறவர்களுக்கு வண்டு பிரச்சினை இல்லை, கைதான் பிரச்சினை. தொட்ட கை, கத்தி, சட்டியின் விளிம்பு எல்லாம் பரப்பும். இந்த வைரஸ் 90 பாகையைக் கூடப் பத்து நிமிடம் தாங்கக் கூடியது, அற்ககோல் தடவினால் அடங்காது. கருவிகளைப் பத்து சதவீத முச்சோடியம் பொஸ்பேற்றில் ஊறவையுங்கள். செடியைத் தொடுமுன் கையைக் கொழுப்பு நீக்கிய பால்மா கரைசலில் நனைப்பது பழைய முறை என்றாலும் வேலை செய்யும், பால் புரதம் தொற்றைத் தடுக்கிறது. சிகரெட், பீடி பிடிப்பவர்கள் கொட்டகைக்குள் நுழையுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும், புகையிலைத் தூளிலேயே வைரஸ் இருக்கலாம். தேமல் தெரிந்த சட்டியை மண்ணோடு பையில் கட்டி ஓட்டோகிளேவில் 121 பாகையில் வைத்த பிறகே வெளியே கொட்டுங்கள். பக்கத்துச் சட்டிகளில் தேமல் தெரியாவிட்டாலும் அவற்றையும் அதே பையில் போடுங்கள்.